பங்சா: வம்சம் கட்டமான கதை

மலேசியாவில் பாரம் நிரப்பும்போது 'பங்சா' என்றோ 'கெத்துருனான்' என்றோ ஒரு கட்டம் எதிர்ப்படும். நம்மில் பலர் 'இந்தியா' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். தமிழ்த் தாத்தாவும் சீனப் பாட்டியும் உள்ள, பேராக் மாநிலத்துக் காம்பார்க் குடும்பத்தாருக்கு அந்த இடத்தில் பேனா நிற்கும். அவர்களை நிறுத்திவைக்கும் அந்தப் 'பங்சா' வேறெதுவுமில்லை, நம் 'வம்சம்'தான்.

வடமொழியில் இச்சொல்லுக்கு மூங்கில் என்றும் குலவழி என்றும் பொருள். கணு கணுவாக வளர்வதால் தலைமுறைக்கும் பெயராயிற்று என்பர். தமிழில் அது வம்சம், வமிசம், வங்கிசம். மலாயில் விஷம் 'பீசா' ஆயிற்று, விசாரம் 'பிச்சாரா' ஆயிற்று. அதே வழியில் வம்சம் 'பங்சா' ஆயிற்று. பழைய மலாயில் 'பெர்பங்சா' என்றால் நற்குடிப் பிறந்தவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் எழுந்த 'பங்சாவான்' நாடகமும் இச்சொல்லின் வழித்தோன்றல்தான்.

குலவழியைக் குறித்த சொல், ஆளை அடைக்கும் கட்டமானதில் குடிக்கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றங்களில் 1871இல் எடுத்த கணக்கில் இருபதுக்கு மேற்பட்ட பிரிவுகள். நம்மவர் அதில் 'கிளிங்'. 1881இல்தான் 'தமிழர்' என்ற பெயர் வருகிறது. பேராக்கில் 1891இல் கணக்கெடுத்தார்கள். இக்கணக்குகளில் பிரிவுகளுக்கு முதலில் 'நேஷனாலிட்டி' என்றிருந்த தலைப்பு பின்னர் 'ரேஸ்' ஆயிற்று. அந்த ரேஸ் என்ன என்பதற்கு 1931 கணக்கெடுப்பை நடத்திய விலீலண்டே கறாரான விளக்கம் தரவில்லை. பூர்வீக வட்டாரம், அரசுப் பற்று, சமூக ஒட்டுறவு எல்லாம் கலந்த ஒரு கலவையாகவே அவர் அதை விளக்கினார். இப்படித் தளர்வான ஒன்றைக் கொண்டுதான் மனிதர்களைப் பிரித்தார்கள்.

கலப்புக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ரத்தம் கலந்தவருக்கு 'யூரேசியர்' என்று தனிக்கட்டம். தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியினருக்கு 'ஜாவி பெக்கான்'. தமிழரும் சீனரும் கலந்த குடும்பத்துக்கோ பெயரில்லை. 'சிண்டியன்' என்பது பின்னாளில் மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்ட சொல். பெயரில்லாத பிள்ளை பெரும்பாலும் தகப்பன் கட்டத்தில் விழுந்தது. தாய் மறைந்தாள். இது அநியாயம் என்றே சொல்வேன்.

முதலில் சொன்ன காம்பார், ஈயலம்பத்தால் எழுந்த ஊர். சுரங்கத்தில் சீனர், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழர். மலாயாவில் வறுமையாலும் பின்னர் ஜப்பானியர் கால அச்சத்தாலும் சீனப் பெண்குழந்தைகள் பலர் தமிழ் வீடுகளுக்குத் தத்துப் போனார்கள். புடவை கட்டி, தமிழ் பேசி, தமிழரையே மணந்தார்கள். அச்சிட்ட குடிக்கணக்கு அறிக்கையில் அவர்களைத் தேடிப் பயனில்லை. அங்கே எண்கள்தாம், பெயர்கள் இல்லை.

பெயர்கள் சொத்துக் கோப்பில் இருக்கின்றன. ஒருவர் இறந்தால் உயில் இருந்தால் அதை மெய்ப்பிக்கும் புரோபேட், இல்லாவிட்டால் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் எல்.ஏ. என்று ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போவார்கள். நிலம் உள்ள சிறு சொத்தானால் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகத்துக்கு. உயில் இல்லாத சொத்துக்கான மனுவில் விதவை யார், பிள்ளைகள் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்று பெயரோடு எழுதியாக வேண்டும். கட்டத்தில் காணாமற்போன சீனப் பாட்டி அங்கே மனைவியாக, வாரிசாக வந்து நிற்பாள்.

வளர்ப்பு மகள் விஷயத்தில் கவனம் வேண்டும். 1952இல் தத்துக்கு இரண்டு சட்டங்கள் வந்தன. நீதிமன்ற ஆணை பெற்ற தத்துக்கு வாரிசுரிமை உண்டு. வெறுமனே பதிந்த தத்துக்குத் தானாக வராது. எதிலும் பதியாமல் வளர்ந்தவர்களும் உண்டு. ஆகவே வாரிசுப் பட்டியலில் ஒருத்தியின் பெயர் இல்லை என்பதால் அவள் அந்த வீட்டு மகள் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. உயில் இருந்தால் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். சட்டம் தராததை ஒரு தகப்பன் தானே முன்வந்து எழுதிவைத்திருக்கலாம்.

வீட்டுப் பெட்டியில் பழைய நிலக் கிராண்ட், உயில், எல்.ஏ. தாள், பிறப்புப் பத்திரம் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து வையுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு பெயரும் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாய்வழிப் பெயர்களை முதலில் கேளுங்கள்.