குரோனோகிராஃப் மணிக்கூடு

ஓடும் மணியைக் கலைக்காமல், இடையில் கழிந்த நேரத்தைத் தனி முள்ளால் அளந்து காட்டும் மணிக்கூடு. ‘இப்போது எத்தனை மணி’ என்பது ஒரு கேள்வி; ‘எவ்வளவு நேரம் சென்றது’ என்பது வேறு. துளையிட்ட கிண்ணம் நீரில் அமிழ்வதைக்கொண்டு 24 நிமிட நாழிகையை அளந்த நாழிகை வட்டில் இரண்டாவது கேள்விக்கானது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் முதற் கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்த காலமும் உண்டு. 1996 மே மாதம், மின்தட்டுப்பாட்டினால் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்திருந்தனர். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தால் புலிகளின் பக்கமான படுவான்கரை சேர்ந்தவர், புறப்பட்ட நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதாக அங்குள்ள மணிக்கூடு காட்டியிருக்கும். 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பியது. நேரம் இரண்டாயிருந்த அந்நாள்களிலும் பாலம் கடக்க எடுத்த நிமிடங்கள் இரு கரையிலும் ஒன்றே. குரோனோகிராஃப் அளப்பது அதைத்தான்.

பெயர் கிரேக்கம்: ‘நேரத்தை எழுதுவது’. 1821இல் பரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா ரியூசெக்கின் கருவி மைப்புள்ளி வைத்தே நேரம் குறித்தது. இன்றையது எதையும் எழுதுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வானியலுக்காக லூயி முவனே 1816இலேயே குரோனோகிராஃப் ஒன்றைச் செய்து முடித்திருந்தார்.

அமைப்பின் சூட்சுமம் இணைப்பில் உள்ளது. மணிக்கூட்டின் செக்கன் சில்லு ஓயாமல் சுற்றுகிறது. குரோனோகிராஃப் சில்லு சும்மா நிற்கிறது. குமிழை அழுத்தினால் நெம்பு ஒன்று இரண்டுக்கும் நடுவே இடைச்சில்லைக் கோத்துவிடும். மீண்டும் அழுத்தினால் இடைச்சில்லு விலகும். தடுப்பு முள்ளைப் பிடித்துக்கொள்ளும். முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவதுதான் நீண்டகாலம் சிக்கலாயிருந்தது. அடோல்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்ற இதயவடிவத் தகடு அதைத் தீர்த்தது. சுத்தியல் போன்ற நெம்பு விளிம்பில் அடிக்க, தகடு எந்தக் கோணத்தில் நின்றாலும் வழுக்கிச் சுழன்று ஒரே இடத்தில் ஓய்கிறது. இவ்வளவு எளிய வடிவம் இவ்வளவு வேலை செய்வது வியப்பே.

1913 அளவில் குரோனோகிராஃப் மணிக்கட்டுக்கு வந்தது. 1969இல் தானாகச் சுருள்வில் முறுக்கும் வகைகள் சுவிட்சர்லாந்திலும் யப்பானிலும் வெளியாயின.

சிலவற்றின் முகத்தில் தூர அளவுகோல் உண்டு. வாவிக்கு மேல் மின்னல் வெட்டியதும் தொடக்கி, இடி கேட்டதும் நிறுத்தினால், ஏறத்தாழ 3 செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர்.