மண்சுவரும் நிலநடுக்கமும்

சுடாத செங்கல்லுக்கு அறபு மொழியில் 'லபின்' என்று பெயர். செங்கல்லைத் 'தூப்' என்றும் வழங்குவர். பண்டை எகிப்தியரின் சொல்லாகிய இது, கிப்திய மொழி வழியே அறபியரை அடைந்தது. அந்தலூஸில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் 'அத்தூப்' என்னும் வடிவில் ஸ்பானிய மொழியுட் புகுந்து 'அடோபே' ஆயிற்று. வெயிலில் உலர்த்திய மண்கல்லை இன்று உலகெங்கும் கட்டடக் கலையினர் இப்பெயராலேயே அழைக்கின்றனர். மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளியின் சுவர்கள் லபினால் ஆனவை. அதன் தூண்கள் பேரீச்ச மரத்தாலும் கூரை அதன் ஓலையாலும் அமைந்தவை என்பதை நாம் அறிவோம். ஆகவே மண்ணாற் கட்டுவது இழிவான தொழிலன்று. மனித நாகரிகத்தின் மூத்த கலைகளுள் அதுவும் ஒன்று.

எனினும், மண்வீடு என்றதும் இன்று நம்மவரிடையே இருவேறு கருத்துகள் எழக் காண்கிறோம். 'மண்வீடு தானே, ஓர் அசைவுக்குத் தாங்குமா?' என்பது ஒன்று. 'பாட்டன் கட்டியது நூறாண்டு நின்றது, இனியும் நிற்கும்' என்பது மற்றொன்று. ஆராயாது சொல்லப்படுவதால் இரண்டுமே ஆபத்தானவை. மெய்ந்நிலை யாதென வரலாற்றைக் கொண்டு காண்போம்.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், கொட்டகுடி ஆற்றின் கரையில் அமைந்தது போடிநாயக்கனூர். ஏலக்காய் வாணிகத்தால் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து போடிமெட்டு வழியே மலையேறினால் ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. நிலம் அசையாது என்று நம்பியிருந்த இப்பகுதி மக்களை 1988 ஜூன் 7 அன்று ஓர் அதிர்வு உலுக்கியது. போடிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெடுங்கண்டத்தை மையமாகக் கொண்ட அதன் அளவு 4.5. பின்னர் 2000 டிசம்பர் 12 அன்று மலைக்கு அப்பால் ஈராட்டுப்பேட்டைப் பக்கத்தில் 5.0 அளவிலும், 2001 ஜனவரி 7 அன்று 4.8 அளவிலும் அதிர்வுகள் நிகழ்ந்தன; வீடுகளில் வெடிப்புகள் தோன்றின. இவற்றிற்கு முன்னர் 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியில் எழுந்த நடுக்கம் ஏறத்தாழ 6 அளவினது. தென்னாடு முழுவதும் உணரப்பட்டது.

மலையில் நிலம் அசையும்போதெல்லாம் கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைக்கு அப்பாலும் எழும் முதற் பேச்சு முல்லைப் பெரியாறு அணையைப் பற்றியதே. 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வணைக்கு, 1979-இல் எழுந்த ஐயத்திற்குப் பின் கான்கிரீட் முட்டுக் கொடுத்து வலுவூட்டினர். அணையைப் பற்றி இத்துணை ஆராயும் நாம், அன்றாடம் மனைவி மக்களோடு உறங்கும் வீட்டுச் சுவரை ஆராய்ந்ததுண்டா?

நிலநடுக்கத்தைக் குறித்து வைக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. ஹிஜ்ரி 911-இல் மறைந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி அவர்கள், தம் காலம் வரை நிகழ்ந்த 'ஸல்ஸலா'க்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து ஒரு தனி நூலே யாத்தார். இக்கால நிலநடுக்க ஆய்வாளரும் அந்நூலைச் சான்றாகக் கொள்கின்றனர். நடந்ததை எழுதி வைத்தால்தான் எது விழுந்தது, எது நின்றது, ஏன் என்று பின்வருவோர் வினவ இயலும். நம் பகுதி கண்ட அதிர்வுகளைக் காட்டிலும் பெரியவை பிற இடங்களில் மண்சுவரைச் சோதித்துள்ளன. அவற்றின் படிப்பினையை நாம் அங்கிருந்தே பெறவேண்டும்.

முதற்கண் மண்சுவரின் இயல்பை அறிதல் வேண்டும். மேலிருந்து அழுத்தும் பாரத்தை மண் நன்றாகத் தாங்கும். இழுக்கும் விசையைத் தாங்காது. நிலம் பக்கவாட்டில் அசையும்போது, கட்டடம் எத்துணைக் கனமோ அத்துணை விசை அதன்மேல் விளைகிறது. அப்பொழுது மூலைகளில் சுவரும் சுவரும் பிரிந்து, நெட்டுவெடிப்பு விழுகிறது. துணையிழந்த சுவர் வெளிப்புறமாகச் சாய்கிறது. தாங்குவாரற்ற கூரை உள்ளே விழுகிறது. எனவே உயிரைப் பறிப்பது மண் அன்று. கட்டுறாத மூலையும் கனத்த கூரையுமே.

மராட்டியத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அப்பகுதி அந்நாளைய வரைபடத்தில் நாட்டிலேயே மிகக் குறைந்த ஆபத்துள்ள வட்டத்தில் இருந்தது. அதிர்வின் அளவு 6.2 தான், ஆயினும் மாண்டோர் தொகை 8,000 முதல் 10,000 வரை என மதிப்பிடப்படுகிறது. ஒழுங்கற்ற கற்களை மண்சாந்தில் அடுக்கி எழுப்பிய தடித்த சுவர்கள். வெப்பம் தணிய மரக்கட்டைகளின் மேல் தடிப்பாகக் கொட்டிய மண்கூரை. உறங்கியோர் மேல் அப்பாரம் முழுதும் இறங்கிற்று. உள்ளே மரத்தூண்களும் உத்தரங்களும் நன்கு பிணைக்கப்பட்டிருந்த சில வீடுகளிலோ, சுவர் சரிந்தும் கூரை நின்றது.

மற்றொரு சான்று ஈரானின் பம் நகரம். அங்குள்ள கோட்டை உலகின் மிகப்பெரிய மண்கல் கட்டடத் தொகுதி எனப் புகழ்பெற்றது. 2003 டிசம்பர் 26 அன்று 6.6 அளவில் எழுந்த அதிர்வில் ஏறத்தாழ 26,000 பேர் மாண்டனர். கோட்டையின் பெரும்பகுதி மண்மேடாயிற்று. பின்னர்ச் சென்று ஆராய்ந்தோர் ஒரு வியப்பைக் கண்டனர். கைபடாது சிதைந்து கிடந்த பழஞ்சுவர்கள் சில நின்றன. பிற்காலத்தில் புதுப்பித்து மேலே மண் சேர்த்த பகுதிகள் பல நொறுங்கின. பழையதும் புதியதும் ஒட்டாதிருந்ததும், கரையான் உள்ளே அரித்திருந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பழுதுபார்த்தல் என்ற பெயரில் பழுதைச் சேர்ப்பதும் உண்டு என்பதே இதன் பாடம்.

இனி நின்றவற்றைக் காண்போம். குஜராத்தின் கட்ச் நிலம் 1819 ஜூன் 16 அன்று குலுங்கியபோது, ரண் பகுதியில் பல மைல் நீளத்திற்குத் தரை கரைபோல் உயர்ந்தது. மனிதர் கட்டாத அவ்வணையை அங்குள்ள மக்கள் 'அல்லாஹ் பந்த்' என்றே அழைத்தனர். அதே நிலத்தில் 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த பேரழிவில் கான்கிரீட் மாடிகள் பல சரிந்தன. 'பூங்கா' எனப்படும் வட்டவடிவ மண்குடில்கள் பல நின்றன. வட்டச் சுவருக்குப் பிரிந்துபோக மூலையில்லை, உயரம் குறைவு, மேலே இருப்பதோ இலேசான புற்கூரை. 2005-இல் காஷ்மீரிலும், மரச்சட்டங்களுக்கிடையே கல்லும் மண்ணும் நிரப்பிய பழைய வீடுகள் பல, வெறும் கற்சுவர் வீடுகளைக் காட்டிலும் நன்றாகத் தாங்கின.

இவ்விரண்டின் இலக்கணத்தையும் போடி மலையிலேயே காணலாம். குரங்கணிப் பக்கத்தில் வாழும் முதுவர் குடியினர் மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, மண் பூசி, புல் வேய்ந்து வீடு அமைத்தனர். அச்சுவரில் மண் பூச்சு மட்டுமே. பிணைத்து நிற்பது மூங்கில். அசைந்தால் பூச்சு உதிரலாம். ஆளைக் கொல்லும் பாரம் அங்கில்லை.

அவ்வாறாயின் சமவெளியில் உள்ள நம் பழைய மண்வீட்டை எவ்வாறு மதிப்பிடுவது? வயதைக் கொண்டன்று, அளவைக் கொண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-இல் வெளியிட்ட ஐ.எஸ். 13827 என்னும் நெறிமுறை இதற்கு வழிகாட்டுகிறது. சுவரின் உயரம் அதன் தடிப்பைப்போல் 8 மடங்கிற்கு மேற்படலாகாது. குறுக்குச் சுவரின்றி நீளும் நீளம் 10 மடங்கைத் தாண்டலாகாது. கதவு, சன்னல் திறப்பின் அகலம் 1.2 மீட்டருக்குள் அமையவேண்டும். வெளிமூலையிலிருந்தும் அவ்வளவு தள்ளியிருக்கவேண்டும். ஒன்றரையடித் தடிப்புள்ள சுவர் பன்னிரண்டடிக்கு மேல் உயரலாகாது என்பது இக்கணக்கால் விளங்கும்.

அளந்தபின் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். மூலைகளில் நெட்டுவெடிப்பு உண்டா? சுவரடி மழைச்சாரலால் கரைந்து குறுகியுள்ளதா? உத்தரமும் கைமரமும் சுவரில் ஊன்றிய இடத்தைக் கரையான் அரித்துள்ளதா? ஈரமுற்ற மண் வலுவிழக்கும். ஆதலால் நீண்ட இறவாரமும் உயர்ந்த திண்ணையும் சுவரடியைக் காத்தன. மண்சுவருக்குமேல் சிமெண்டு பூசுவோர், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றனர். வெளியே பளபளப்பு, உள்ளே சேறு.

எல்லாவற்றினும் பெருந்தவறு, பழைய மண்சுவரின்மேல் ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது. கில்லாரியில் மண்கூரை செய்ததையே அத்தளம் இங்கும் செய்யக்கூடும். அதற்கு மாறாக, சுவர்த் தலையில் நாற்புறமும் மூலையில் முறியாத மரச்சட்டம் பிணைத்து, நீண்ட சுவருக்கு உதைசுவர் கொடுத்து, கூரையை இலேசாக வைத்தால் பழைய வீடும் பாதுகாப்புப் பெறும். அளவு பொருந்தாததும் ஊறிப்போனதுமான வீட்டை, பாட்டனார் நினைவென்று பற்றிக்கொண்டிராமல் இறக்கிவிடுவதே அறிவு.

நம் ஊர்களில் பள்ளிவாசல்களுக்குரிய வக்ஃபு வீடுகளும் மதரஸாக் கட்டடங்களும் மண்சுவரில் நிற்பவை இன்னும் உள்ளன. அவற்றின் வாடகையைக் கணக்கிடும் ஜமாஅத்தார், ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன், அனுபவமுள்ள கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துச் சுவரையும் அளக்கச் சொல்வார்களாக. ஐயமுள்ளதைப் பொறியாளரிடம் காட்டுவார்களாக. கூரையின்கீழ் ஓதும் சிறுவர்களின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நிலம் எப்போது அசையும் என்பதை நாம் அறியோம். சுவர் எந்நிலையில் உள்ளது என்பதை அறிய ஒரு தூக்குக்குண்டும் ஓர் அளவுகோலும் இருந்தால் தொடங்கிவிடலாம்.