சமயச் சார்புள்ள வைத்தியக் கல்வி

சமய ஸ்தாபனம் ஒன்று தன் பொறுப்பில் மாணாக்கரைத் தேர்ந்தெடுத்து, நவீன வைத்தியத்தை முறையாகப் போதித்து, வைத்தியர் நாடிச் செல்லாத ஊர்களுக்கு அவர்களை அனுப்பிவைக்கும் ஏற்பாடு இப்பெயரால் வழங்கும். தமிழரிடையே இதன் சரித்திரம் யாழ்ப்பாணத்தில் தொடங்கி வேலூரில் நிலைபெற்றது. இதன் அவசியத்தை உணர விரும்புவோர் போடிநாயக்கனூர் மலையடிவாரத்தைப் பார்த்தால் போதும்.

விடியுமுன் போடியில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள், ஏலச்செடியின் காய் தூரடியிலேயே தரையை ஒட்டிக் காய்ப்பதால், பகல் முழுதும் ஈர மண்ணில் குந்தியிருந்து, அட்டைக்கடியையும் பூச்சிமருந்து நெடியையும் பொறுத்துக்கொண்டு காய் எடுக்கிறார்கள். ஒரு நாள் வேலை நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் காய்ச்சலையும் மார்ச்சளியையும் சொல்லாமல் அடக்கிக்கொள்வதே அவர்களிடையே வழக்கம். அகமலை போன்ற மலைகளில் சாலை எட்டாத குடியிருப்புகளிலிருந்து, பிரசவ வேதனைப்படுபவளை டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்குவதும் உண்டு. போடியில் அரசு மருத்துவமனையும், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஆயினும் மேலே குடியிருந்து வைத்தியம் பார்க்கச் சம்மதிக்கும் மனிதர் கிடைப்பது அருமை. அத்தகையவரை உருவாக்குவது எப்படி என்ற கேள்வியிலிருந்துதான் இவ்வகைக் கல்வி பிறந்தது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜான் ஸ்கட்டர் 1819இல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பின் 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் வைத்தியசாலையோடு வைத்திய வகுப்பையும் நிறுவினார். ஆங்கிலத்தில் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியூர்களுக்குப் போய்விடுவதைக் கண்ட கிரீன், பயிற்சி முழுவதையும் தமிழிலேயே நடத்தத் துணிந்து, உடற்கூறு, பிரசவம், ரணசிகிச்சை முதலிய சாஸ்திரங்களை மாணாக்கரின் துணையோடு தமிழாக்கி அச்சிட்டார். வைத்தியனை ஜனங்களோடு பிணைக்கும் வழியை அவர் அளவுக்கு ஆழ்ந்து யோசித்தவர் பின்னாளிலும் மிகச் சிலரே. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் மொழிபெயர்ப்பை விடவில்லை.

ஸ்கட்டரின் பேர்த்தி ஐடா ஸ்கட்டர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆடவர், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற அவரை அழைத்தனர். வைத்தியரான தந்தையை அனுப்புவதாகச் சொல்லியும், அந்நிய ஆடவர் தொடலாகாதென்று மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை வைத்தியப் படிப்புக்கு அனுப்பியது. 1899இல் கார்னெல் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தார். வாரந்தோறும் குறித்த நாளில் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் காத்திருப்போருக்குப் புண் கழுவிக் கட்டி மருந்து கொடுத்தது, பிற்காலப் பாடத்திட்டத்துக்கே வித்தாயிற்று. தாம் ஒருவர் போதாது என்று கண்டு 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலிருந்து 14 பேர் தேறி வெளிவந்தனர். அது 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்து, 1947இல் ஆடவருக்கும் திறக்கப்பட்டது. 1960இல் அவர் காலமானது கொடைக்கானலில்.

வேலூர்க் கல்லூரியின் முறையில் கவனிக்கத்தக்கவை, திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு மிஷன் ஆஸ்பத்திரிகளில் பணிபுரிய உடன்படுவதும், முதலாண்டிலேயே சில வாரங்கள் கிராமத்தில் தங்கி வீடுவீடாக விசாரித்து, நோயின் காரணங்களைக் கிணற்றிலும் அடுப்பங்கரையிலும் நேரில் கண்டறிவதுமாகும். கத்தோலிக்கர் 1963இல் பெங்களூரில் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் கிராமப் பணி நிபந்தனை உண்டு. தேசிய நுழைவுத் தேர்வு விதிகள் மாணாக்கரைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பாதித்தபோது, வேலூர்க் கல்லூரி 2017இல் நூறு இடங்களுள் ஒன்றை மட்டுமே நிரப்பி வழக்காடியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பொதுத் தேர்வே செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

இரண்டாண்டு ஒப்பந்தம் மலைநாட்டுக்குப் போதாதென்பது நம் கருத்து. எந்தத் தோட்டத்தில் எவள் இருமலை மறைக்கிறாள் என்று ஒரு வைத்தியர் தெரிந்துகொள்ளும் வேளையில் தவணை முடிந்துவிடுகிறது. போடியும் ஒட்டன்சத்திரமும் ஒரே மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்த 1955இல், ஏ.கே.தரியன், ஜேக்கப் செரியன் என்ற இரு வைத்தியர் ஒட்டன்சத்திரத்தில் கிறித்துவ ஐக்கிய ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது, தவணை ஏதும் வைத்துக்கொள்ளாமல், எளிய ஊதியத்தில் சக ஊழியரோடு கூடிவாழும் சமூகமாகவே அதை அமைத்தனர். ஜேக்கப் செரியன் பிற்பாடு அம்பிளிக்கையில் இன்னொரு வைத்திய நிலையத்தை உண்டாக்கினார்.