பனிக்கால நிலக்காட்சிப் பிரதி: தைலவர்ணப் பயிற்சி

பழைய ஓவிய மேதை ஒருவரின் படைப்பை முன்னால் வைத்து, அதை மீண்டும் தீட்டித் தைலவர்ணம் பழகுவது ஐரோப்பாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பயிற்சி முறை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறக்கப்பட்ட காலம் முதல் பிரதி செய்வோருக்கு இடம் கொடுத்துவருகிறது. மூலத்தின் அதே அளவில் பிரதி அமையக் கூடாது என்பது அங்குள்ள விதி. தெற்காசியாவில் இந்த வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. ஓவியர் ரவிவர்மா (1848–1906), திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன் தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பல நுட்பங்களைப் பிடித்துக்கொண்டார்.

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இப்பயிற்சிக்குப் பொருத்தமான மூலங்கள் ஒல்லாந்தரின் பனிக்கால நிலக்காட்சிகள். இக்கரையோரத்துக் கற்பிட்டியை ஒல்லாந்தர் பிடித்தது 1659இல். அங்குள்ள கோட்டையை 1667 முதல் 1676 வரை கட்டினர். உறைந்த ஆறுகளையும் வெளிறிய வானத்தையும் ஓவியர் யாக்கோப் வான் ரூய்ஸ்தால் அவர்கள் நாட்டில் தீட்டிக்கொண்டிருந்த காலமும் அதுவே. எசாயாஸ் பூர்ஸ் என்ற ஆம்ஸ்டர்டாம் ஓவியர் 1660களின் தொடக்கத்தில் இலங்கையில் தங்கி வரைந்த கோட்டோவியங்கள் இன்று அந்நகரின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நிலத்தின் அமைப்பிலும் ஒற்றுமை உண்டு. மலையில்லாத தட்டை வெளி, களப்பு, கால்வாய், நீர்ப்பரப்பில் சிதறிய சிறு மனிதர்கள்: இவற்றை ஒரே சட்டத்துக்குள் எப்படி அடுக்குவது என்பது இரு கரைகளின் ஓவியருக்கும் பொதுவான சிக்கல்.

தொடக்கநிலை மாணவருக்கு ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் (1585–1634) மிகச் சிறந்த ஆசான். பேச இயலாத இவர், 1608 அளவில் பலகையில் தீட்டிய 'பனிச்சறுக்காளர்களுடன் குளிர்கால நிலக்காட்சி' ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உயர்தரப் படத்தை இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். அடிவானத்தை மேலே உயர்த்தியதால் பனித்தளம் முழுவதும் மனிதருக்கு இடம் கிடைத்தது. அருகிலுள்ள உருவங்கள் கருமையாகவும் தெளிவாகவும் இருக்கின்றன; தொலைவில் உள்ளவை மூட்டத்தில் கரைகின்றன.

பனியை வெள்ளை என்று நினைத்துத் தொடங்குபவரின் பலகை சுண்ணாம்புச் சுவராகிவிடும். ஆவர்காம்பின் பனியில் சாம்பலும் மஞ்சட்காவியும் மெல்லிய இளஞ்சிவப்பும் கலந்திருக்கின்றன. தூய வெள்ளை சில இடங்களில் மட்டுமே வரும். பனியைக் கண்டிராதவர் பாலாவி உப்பளத்தில் விடியலில் நின்று ஓர் உப்புக் குவியலைக் கவனித்தால் போதும். வெயில் படும் பக்கம் மஞ்சளும், நிழல் விழும் பக்கம் நீலமுமாகத் தெரியும். எந்தப் பாடநூலையும்விட அந்தக் குவியல் நன்றாகக் கற்பிக்கும்.

மூலத்தையும் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஸ்மால்ட் என்ற கோபால்ட் கண்ணாடித் தூள் நீலம் எண்ணெயில் நாளடைவில் சாம்பலாக மாறும். மேற்பூச்சு வார்னிஷும் பழுப்பேறும். நாம் காணும் வானம் ஓவியர் விட்டுச்சென்ற வானமாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது.

வேலையைப் படலம் படலமாகச் செய்ய வேண்டும். வெளிர்பழுப்பு அடித்தளம், கோட்டுரு, மங்கலான நிறங்களில் ஒளி-நிழல், அதன்பின் நிறப்படலங்கள். மேல் படலத்தில் கீழ்ப் படலத்தைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், மாறினால் வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுகிறது. ஆகவே பலகையைக் காற்றோட்டமில்லாத அலமாரியில் அடைப்பது தவறு. கற்பிட்டியில் சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஈரவர்ணத்தில் மணல் ஒட்டும். வாடை மழையில் கன்வஸின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். பலகை இங்கு கன்வஸைவிடப் பாதுகாப்பானது.

பிரதி செய்வதற்கு எதிரான குரலும் உண்டு. 1943இல் கொழும்பில் கூடிய '43 குழு' ஓவியர்கள், கல்விக்கூட யதார்த்தப் பாணியிலிருந்து விலகித் தமக்கான நவீன மொழியைத் தேடினர். பிரதியைப் பாணியாகவே வைத்துக்கொள்வோருக்கு அந்தத் தேடல் சரியான மறுப்பு. கைப்பழக்கத்துக்காகப் பிரதி செய்பவரை அது தடுப்பதில்லை. முடிந்த பிரதியின் பின்புறத்தில் மூல ஓவியரின் பெயரையும் பிரதி செய்தவரின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைப்பது கட்டாயம்.