ஒளித்துகளுக்கு எது சான்று?

ஒளிமின் விளைவு ஒளியின் துகள் தன்மையை மெய்ப்பிக்கிறது என்ற கூற்று மேல்நிலை வகுப்பு இயற்பியல் நூல்களிலிருந்து பல்கலைக்கழக வினாத்தாள்கள் வரை வேரூன்றியிருக்கிறது. ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, அவற்றின் பெரும இயக்க ஆற்றல் கூடாது. பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கீழே எலக்ட்ரான் வெளிவரவே வராது. ஒளி பட்ட கணமே உமிழ்வு தொடங்கிவிடும். இம்மூன்றையும் அலைக்கொள்கை விளக்காது, ஆகவே ஒளி துகள்களால் ஆனது என்று பாடம் முடிகிறது. முதலிரண்டு செய்திகளும் ஒளியைப் பற்றி எதையும் மெய்ப்பிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மூன்றாவது செய்தி மெய்ப்பிக்கக்கூடும். ஆனால் பாடநூல் வெளியே சொல்லாத ஒரு துணைக் கருதுகோளை அதனோடு சேர்க்க வேண்டும். அத்துணைக் கருதுகோள் நேரடியாகச் சோதிக்கப்பட்டது 1925இல். அதைச் சாராமலே நிற்கும் சான்று 1970களில்தான் வரத் தொடங்கியது.

ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஒளிமின் விளைவு மையப் பொருளன்று. வீன் விதி பொருந்தும் உயர் அதிர்வெண் பகுதியில், கனஅளவு மாறும்போது கதிர்வீச்சின் என்ட்ரோபி மாறும் விதம் நீர்த்த வளிமமொன்றின் என்ட்ரோபி மாறும் விதத்தை ஒத்திருக்கிறது என்பதுதான் அவருடைய முதன்மை வாதம். ஒளிமின் விளைவு கட்டுரையின் கடைசிப் பக்கங்களில், கருத்தின் பயன்பாடுகளுள் ஒன்றாக வருகிறது. லெனார்டு 1902இல் எலக்ட்ரானின் ஆற்றல் செறிவைச் சார்ந்ததல்ல என்று காட்டியிருந்தார். அதிர்வெண்ணோடு அது நேர்கோட்டில் உயரும் என்பதற்கு அப்போது நம்பத்தக்க அளவீடு எதுவுமில்லை. அந்த நேர்கோட்டை உறுதிசெய்தவர் மில்லிகன். வெற்றிடத்துக்குள்ளேயே கார உலோகப் பரப்புகளைச் சுரண்டித் தூய்மைப்படுத்தி, நிறுத்து மின்னழுத்தத்தை அளந்து, கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலியைப் பெற்று 1916இல் வெளியிட்டார். சமன்பாட்டை ஏற்றுக்கொண்ட அவரே ஒளிக்குவாண்டம் என்ற கருத்தை மறுத்தார். 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிப்பிலும் ஒளிமின் விளைவின் விதிதான் குறிப்பிடப்பட்டது. ஒளிக்குவாண்டத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

வரலாற்று நூல்கள் இந்தத் தயக்கத்தைப் பழமைப்பிடிப்பு என்று எழுதிச் செல்கின்றன. அத்தீர்ப்பு எனக்கு ஏற்புடையதன்று. ஒரு விதி உண்மையாக இருப்பதும், அதை முதலில் ஊகிக்க உதவிய படிமம் உண்மையாக இருப்பதும் வெவ்வேறு செய்திகள். பால்காரர் ஆழாக்கால் அளந்து ஊற்றுகிறார் என்பதற்காகப் பால் மடியிலிருந்தே ஆழாக்கு ஆழாக்காக வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே அளக்கும் பாத்திரம் பொருள். குவாண்டம் இயக்கவியல் பிறந்த சூட்டிலேயே, 1926, 1927ஆம் ஆண்டுகளில் வென்ட்செல்லும் பெக்கும் ஒளியைப் பழைய மின்காந்த அலையாகவே விட்டுவிட்டு, உலோகத்தின் எலக்ட்ரானை மட்டும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி கணக்கிட்டார்கள். 1969இல் லாம்பும் ஸ்கல்லியும் அக்கணக்கை விரிவாக மீண்டும் செய்து காட்டினார்கள். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலைவுறும் புலம் ஒன்று, பிணைக்கப்பட்ட எலக்ட்ரானின் மீது செயல்படுகிறது என்று கொள்வோம். எலக்ட்ரான் எந்த நிலைக்குத் தாவும்? பிளாங்க் மாறிலியை அந்த அதிர்வெண்ணால் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல் அளவுக்கு மேலே உள்ள நிலைக்குத்தான் கணிசமாகத் தாவும். வெளியேற்று ஆற்றலைக் கழித்தால் மிச்சம் இயக்க ஆற்றல். தாவலின் வீதமோ புலத்தின் வீச்சுடைய வர்க்கத்துக்கு, அதாவது செறிவுக்கு, நேர்விகிதத்தில் இருக்கிறது. ஐன்ஸ்டைன் சமன்பாடும் பயன்தொடக்க அதிர்வெண்ணும் முழுமையாக வந்துவிட்டன. ஃபோட்டான் எங்குமே நுழையவில்லை. மில்லிகன் சாய்விலிருந்து பெற்ற மாறிலி, இக்கணக்கின்படி, எலக்ட்ரானின் சமன்பாட்டில் உள்ள மாறிலியே.

மூன்றாவது செய்தி, அதாவது காலத்தாழ்வு இன்மை, இவ்வளவு எளிதில் கரைவதில்லை. ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஒரு மைக்ரோவாட் என்ற மங்கிய ஒளியை எடுத்துக்கொள்வோம். ஓர் அணுவின் குறுக்குப்பரப்பில் விழும் பங்கை மட்டும் கணக்கிட்டால், 2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் சேர ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். ஆனால் லாரன்சும் பீம்சும் 1928இல் செய்த சோதனையில், தாழ்வு ஏதேனும் இருந்தாலும் அது ஒரு நொடியின் நூறு கோடியில் மூன்று பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. ஒளியை அலையாகவும் எலக்ட்ரானைக் குவாண்டம் முறையிலும் கொள்ளும் மேற்கண்ட அரைச்செவ்வியல் கணக்கும் உடனடி உமிழ்வைத் தருகிறது என்பதுதான் இதில் சிக்கல். அக்கணக்கில் தாவலுக்கான நிகழ்தகவு புலம் வந்தவுடனே தொடங்கிவிடுகிறது; எங்கோ ஓர் எலக்ட்ரான் உடனே வெளியேறும். வெளியேறிய எலக்ட்ரானிடம் உள்ள ஆற்றல் அந்த இடத்துக்கு இன்னும் வந்தே சேரவில்லை என்பதே குறை. ஆக, அலைக்கொள்கை மோதுவது காலத்தாழ்வோடு அன்று, ஆற்றல் அழியா விதியோடு. அதிலும் சராசரியாக அன்று, ஒவ்வொரு நிகழ்விலும் அவ்விதி செல்லுபடியாகும் என்று கொண்டால்தான் மோதல் எழுகிறது. பாடநூல் சொல்லாமல் விடும் துணைக் கருதுகோள் இதுவே.

அப்படிக் கொண்டாக வேண்டுமா? போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் மூவரும் 1924இல் வேண்டாம் என்றார்கள். தனி நிகழ்வுகளில் ஆற்றலும் உந்தமும் காக்கப்படுவதில்லை, பல நிகழ்வுகளின் சராசரியில்தான் காக்கப்படுகின்றன என்பது அவர்கள் முன்மொழிவு. ஒளிக்குவாண்டத்தை ஏற்பதைவிட ஆற்றல் அழியா விதியைத் தளர்த்துவது மேல் என்று போர் கருதினார் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒளிமின் விளைவின் தரவுகளில் அவரைத் தடுக்க எதுவுமில்லை.

முன்னாண்டு வெளிவந்த காம்ப்டன் விளைவும் தனியாக நின்று தடுத்திருக்காது. கிராஃபைட்டில் 90 பாகைக் கோணத்தில் சிதறும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.0024 நானோமீட்டர் கூடுகிறது. இரு பந்துகளின் மோதலாக அதைக் கணக்கிட்டால் விடை துல்லியமாக வருகிறது. ஆனால் அதே இடப்பெயர்வை ஷ்ரோடிங்கர் 1927இல் எலக்ட்ரான் அலையையும் ஒளி அலையையும் மட்டும் கொண்டு வருவித்தார். சான்றின் எடை கூடியது வேறோர் இடத்தில். போட்டேயும் கைகரும் பெர்லினில் 1925இல் இரண்டு எண்ணிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றில் சிதறிய கதிரையும் மற்றதில் பின்னுதைத்த எலக்ட்ரானையும் பதிவு செய்தார்கள். தற்செயலாக நேரக்கூடியதைவிட மிக அதிகமாக இரண்டும் ஒரே வேளையில் பதிவாயின. அதே ஆண்டு காம்ப்டனும் சைமனும் முகில் அறையில் கோணங்களை அளந்து, உந்தமும் நிகழ்வுக்கு நிகழ்வு காக்கப்படுகிறது என்று காட்டினார்கள். போரின் முன்மொழிவு வீழ்ந்தது. ஒளிமின் விளைவை ஒளித்துகளுக்கு ஆதரவாக வாசிக்கும் உரிமை நமக்குக் கிடைத்தது அப்போதுதான். அதுவும் வேறொரு சோதனையிலிருந்து கடனாக.

ராமன் விளைவின் வரலாற்றிலும் இதே அமைப்பு உண்டு. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் 1928இல் கண்டதை, காம்ப்டன் விளைவுக்கு ஒளியியலில் ஓர் இணை என்ற நோக்கிலேயே ராமன் தேடினார். ஸ்மேக்கல் 1923இல் அதை ஒளிக்குவாண்டங்களைக் கொண்டே முன்னுரைத்திருந்தார். ஆனால் கிராமர்சும் ஹைசன்பர்க்கும் 1925இல் அதே அதிர்வெண் மாற்றத்தை ஒளிக்குவாண்டமின்றி, நிறப்பிரிகைக் கோட்பாட்டின் வழியே பெற்றுவிட்டார்கள். துகள் படிமம் தேட வழிகாட்டியது. கிடைத்த பொருளோ அப்படிமத்துக்கு மட்டும் சாட்சி சொல்லவில்லை.

அப்படியானால் துணைக் கருதுகோள் ஏதுமின்றி நேரே ஒளியை நோக்கிக் கேட்கும் கேள்வி எது? ஒளியை மங்கலாக்கிப் பார்ப்பது அன்று. ஜி. ஐ. டெய்லர் 1909இல் கேம்பிரிட்ஜில் வாயுச் சுடரைப் புகைபடிந்த கண்ணாடிகளால் மங்கவைத்து, ஊசியொன்றின் விளிம்பு விளைவுக் கோலத்தை 2000 மணி நேரம் வரை படத்தட்டில் பதித்தார், கோலம் மாறவில்லை. ஒரு ஃபோட்டான் தன்னோடு தானே குறுக்கிடுவதற்கு முதல் சான்று என்று இதைச் சொல்வது வழக்கம். சுடரொளி எவ்வளவு மங்கினாலும் சுடரொளிதான். அதன் மொத்த நடத்தையும் ஏற்ற இறக்கமுள்ள செவ்வியல் அலைக்குள் அடங்கும். கிளாபரும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சுதர்சனும் 1963இல் வகுத்த கோட்பாடு இந்த எல்லையைத் தெளிவாகக் கோடிட்டது: எந்த ஒளியை அலைகளின் நிகழ்தகவுக் கலவையாக எழுத முடியும், எதை முடியாது என்று அதைக்கொண்டு பிரிக்கலாம்.

பிரிக்கும் சோதனை எளியது. பாதி வெள்ளி பூசிய கண்ணாடியில் ஒளியை விட்டு, இரு வழிகளிலும் உணர்விகளை வைக்க வேண்டும். அலையாக இருந்தால் அது இரண்டாகப் பிரியும். ஏற்ற இறக்கமுள்ள எந்த அளவிலும் வர்க்கத்தின் சராசரி, சராசரியின் வர்க்கத்தைவிடக் குறைய முடியாது. ஆகவே இரண்டு உணர்விகளும் ஒருசேர ஒலிப்பது தற்செயல் அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஹான்பரி பிரௌனும் ட்விஸ்ஸும் 1956இல் வெப்ப ஒளியில் தற்செயலைவிடக் கூடுதலாகவே கண்டார்கள். அலைக்கு அது உவப்பான முடிவு. குறைவாகக் கண்டால்தான் அலைக்கு வழியில்லை. கிளாசர் 1974இல் அணு அடுக்கு உமிழ்வைக் கொண்டு அரைச்செவ்வியல் கணிப்பை மறுத்தார். ரோச்சஸ்டரில் கிம்பிள், டாஜனே, மாண்டெல் மூவரும் 1977இல் சோடியம் அணுக்களின் ஒளிர்வில், கால இடைவெளி சுழியை நெருங்க நெருங்க உடனிகழ்வு குறைவதைக் கண்டார்கள். ஒரு ஃபோட்டானை உமிழ்ந்த அணு மீண்டும் கிளர்வுறச் சற்று நேரம் வேண்டும். எந்தச் செவ்வியல் அலையிலும் இப்படிக் குறையாது.

ஆர்சேயில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் 1986இல் வெளியிட்ட சோதனையே எனக்கு இவற்றுள் முழுமையானதாகத் தெரிகிறது. கால்சியம் அணு அடுத்தடுத்து இரண்டு ஃபோட்டான்களை உமிழும். முதலாவது வந்ததும் சில நானோநொடி மட்டும் வாயில் திறந்து, இரண்டாவதைக் கண்ணாடிக்கு அனுப்பினார்கள். உடனிகழ்வுக்கும் தற்செயல் அளவுக்கும் உள்ள, எந்த அலைக்கும் 1க்குக் குறையக் கூடாத விகிதம் 0.18 ± 0.06 என வந்தது. துடிப்புக்குச் சராசரியாக 0.01 ஃபோட்டான் என்னும் அளவுக்கு மங்கவைத்த சாதாரண ஒளியை அதே கருவியில் விட்டபோது விகிதம் 1ஐ விட்டு நகரவில்லை. டெய்லரின் சோதனையைப் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நேரடியான ஆதரவு வேண்டியதில்லை. பிறகு அதே கால்சியம் ஒளியைக் குறுக்கீட்டுமானியில் விட்டார்கள். 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தெளிவுடன் வரிகள் தோன்றின.

பொருளின் பக்கம் நிலைமை இதற்குச் சமச்சீரானதன்று. டேவிசனும் ஜெர்மரும் 1927இல் நிக்கல் படிகத்தில் 54 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் 50 பாகையில் குவிவதைக் கண்டு 0.165 நானோமீட்டர் அலைநீளத்தைப் பெற்றார்கள். டி பிராய் வாய்பாடு தரும் அளவு 0.167. அங்கே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது அலைத்தன்மை மட்டுமே. டோனோமுரா குழுவினர் 1989இல் வெளியிட்ட படத்தொடரில் எலக்ட்ரான்கள் புள்ளி புள்ளியாக விழுந்து குறுக்கீட்டு வரிகளாகத் திரள்கின்றன. ஒளியிலும் இதே போன்ற படம் எடுக்கலாம். ஆனால் இரண்டு படங்களும் ஒரே வாதத்தைத் தாங்கா. எலக்ட்ரானின் மின்னூட்டம் பிளவுபடாது, இடைவழியில் மறையாது என்பது அப்படத்துக்கு முன்பே நமக்குத் தெரியும்; எனவே அங்கே ஒரு புள்ளி ஓர் எலக்ட்ரானைக் குறிக்கும். ஒளியின் படத்தில் ஒரு புள்ளி, உணர்வியில் ஓர் அணு கிளர்வுற்றதை மட்டுமே குறிக்கும். இருமைப் பண்பு என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடும் வழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இதற்காக ஒளிமின் விளைவைப் பாடத்திட்டத்திலிருந்து அகற்ற வேண்டியதில்லை. உலோகத்தின் வெளியேற்று ஆற்றலையும் பிளாங்க் மாறிலியையும் அளக்க அது நல்ல சோதனை. ஃபோட்டானுக்குச் சான்று கேட்கும் வினாவுக்கு மட்டும் அது போதிய விடையன்று. ஆர்சே சோதனை கல்லூரிகளுக்கு எட்டாதது என்ற மறுப்பும் இப்போது நிற்காது. அமெரிக்காவின் விட்மன் கல்லூரியில் இளநிலை மாணவர் ஆய்வகத்துக்கென ஒரு படிகம், ஒரு லேசர், சில உணர்விகளைக் கொண்டு அதே வகைச் சோதனையை அமைத்து 2004இல் வெளியிட்டார்கள். 1க்குக் குறையக் கூடாத அதே விகிதம் அங்கே 0.0177 என்று கிடைத்தது.