வில்லியனூர் வரியும் பாரிஸ் டைரக்டர்களும்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் இன்றும் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பவர் புதுச்சேரி துணைநிலை ஆளுநர். பிரெஞ்சு கவர்னர் காலத்து வழக்கம் என்பார்கள் ஊர்க்காரர்கள். அந்த கவர்னர்களில் முதல் நூறாண்டுக்காரர்கள் ஒரு கம்பெனியின் சம்பளக்காரர்கள். அதுவும் நொடித்துக்கொண்டிருந்த கம்பெனி.

1664-ல் பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் தொடங்கிய பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி, 1720-ல் நிதியாளர் ஜான் லாவின் பங்குச் சூதாட்டத்தில் சிக்கிச் சரிந்து, பிறகு ஒட்டுப்போடப்பட்டது. பாரிஸில் டைரக்டர்கள், அவர்களுக்கு மேலே மன்னரின் கமிஷனர்கள். பங்குதாரருக்கு டிவிடெண்ட் வந்ததோ பிரான்சின் புகையிலை ஏகபோக வருமானத்தை நம்பி. இந்திய வியாபாரம் நட்டப்பட்டாலும் பணம் கைக்கு வந்தது. அப்புறம் யார் கணக்கைத் துருவப்போகிறார்கள்?

புதுச்சேரியில் நிலைமை வேறு. துணி வாங்க ஐரோப்பாவிலிருந்து வெள்ளி வந்தாக வேண்டும். கப்பல் தவறினால் நெசவாளிக்குக் கொடுக்க முன்பணம் இல்லை. கவர்னர் டூப்ளே கண்ட வழி நிலவரி. 1749-50-ல், பிரெஞ்சுக்காரர் ஆதரவோடு ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், ஹைதராபாத் நிஜாம் பட்டத்துக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் தயவில் வில்லியனூர், பாகூர் கிராமங்கள் கம்பெனி வசமாயின. சங்கராபரணிக் கரையிலும் பாகூர் ஏரிப் பாசனத்திலும் விளைந்த நெல், வரியாக மாறி கம்பெனி கஜானாவுக்குப் போக வேண்டும் என்பது திட்டம்.

கணக்கு உதைத்தது. வரி தரும் ஊரைக் காக்கப் படை வேண்டும். படைக்குச் சம்பளம் கொடுக்க இன்னும் ஊர்கள் வேண்டும். 1752-ல் பாகூரே போர்க்களமானது. டூப்ளேயின் உறவினரான தளபதி கெர்ழான், ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸிடம் பிடிபட்டார்.

பாரிஸுக்குக் கடிதம் போய்ச் சேர ஆறு மாதத்துக்கும் மேலாகும். டூப்ளே வெற்றியை விரிவாக எழுதினார், செலவைச் சுருக்கி எழுதினார். சமாதானம் செய்யுங்கள் என்று டைரக்டர்கள் எழுதினார்கள்; அவர் கேட்காதபோது கையைப் பிடித்து நிறுத்தவில்லை. நட்டம் கழுத்தை நெரித்த பிறகுதான் விழித்தார்கள். 1754 ஆகஸ்டில் கொதே என்ற டைரக்டரே கப்பலேறி வந்து டூப்ளேயைப் பதவியிலிருந்து இறக்கினார்.

கம்பெனிக்காகச் சொந்தப் பணம் லட்சக்கணக்கில் போட்டேன் என்று வழக்காடிய டூப்ளே, 1763-ல் கைக்குக் காசு வராமலே செத்தார். சென்னையைப் பிடித்த லா பூர்தொனே அதற்கு முன்பே பாஸ்தீல் சிறை கண்டு, விடுதலையாகி, நொந்து இறந்திருந்தார். 1761-ல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பிரெஞ்சுத் தளபதி லாலியின் தலை 1766-ல் பாரிஸில் வெட்டப்பட்டது. அந்த வெட்டுமேடைக்கு டைரக்டர் எவரும் போகவில்லை.

1769-ல் மொரெல்லே என்ற பாதிரியார் கம்பெனியின் கணக்கைப் பிரித்துப் போட்டு, இது தேறாது என்று எழுதினார். வங்கியாளர் நெக்கர் பரிந்து பேசியும் பயனில்லை. அந்த ஆகஸ்டில் ஏகபோக உரிமை நிறுத்தப்பட்டது.

இன்றைய இந்தியாவில் 2016 திவால் சட்டத்தின்படி வழக்கு ஏற்கப்பட்ட அன்றே இயக்குநர் குழுவின் அதிகாரம் முடங்கிவிடும். அன்று அதிகாரம் பாரிஸில் இருந்தது, தண்டனை களத்தில் நின்றவனுக்கு, சுமை வரி கட்டிய குடியானவனுக்கு. 1783 வெர்சாய் உடன்படிக்கை வில்லியனூரையும் பாகூரையும் மறுபடி புதுச்சேரியோடு சேர்த்தபோது, அந்த ஊர்களின் வரியை நம்பிக் கணக்குப் போட்ட பழைய கம்பெனி கலைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

(தொடரும்)