பேராசிரியர் பரணவிதானவும் கந்தளாய்ச் சாசனமும்

வரலாற்றறிவை வளர்க்கும் நிலையமொன்றுக்குத் தலைமை தாங்கிய அறிஞர் ஓய்வுபெறுங்கால் அவருக்கு மாலை சூட்டுதலும் மலர் வெளியிடுதலும் உலக வழக்காகும். அவை வேண்டற்பாலனவே. ஆயினும், வரலாற்றாசிரியன் ஒருவனுக்குச் செய்யத்தக்க தலையாய சிறப்பு, அவன் படித்த கல்லைப் பின்வருவோர் மீண்டும் படித்தலேயாம். இவ்வுண்மையை, 1956 ஆம் ஆண்டிலே இலங்கைத் தொல்பொருளாராய்ச்சிப் பகுதியின் ஆணையாளர் பதவியினின்றும் ஓய்வுபெற்ற செனரத் பரணவிதான அவர்களின் பணியைக் கந்தளாயோடு இணைத்து நோக்குமிடத்துத் தெளிவாக உணரலாம்.

பரணவிதான 1896 இல் காலிப் பகுதியிலே பிறந்தவர். பாடசாலை ஆசிரியராகத் தொழில் தொடங்கிய அவர், பின்னர்த் தொல்பொருளாராய்ச்சிப் பகுதியிற் சேர்ந்து சாசனவியலிலே தேர்ச்சிபெற்றார். 1936 இல் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1940 இல் ஆணையாளராகிப் பதினாறாண்டுகள் அப்பதவியை வகித்தார். அவர் ஓய்வுபெற்ற அதே ஆண்டிலே, சிகிரிச் சுவரிற் பழையோர் பொறித்துச் சென்ற 685 பாடல்களின் பதிப்பு இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கண்ணுக்குப் புலனாதல் அரிதான கீறல்களை எழுத்தெழுத்தாகப் பல்லாண்டுகள் இருந்து படித்த பொறுமைக்கு அப்பதிப்பு சான்றாகும்.

அப்பொறுமையின் பயனைக் கந்தளாயும் பெற்றது. கந்தளாய்க்கு அண்மையிலுள்ள பளமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனத்தை அவரே படித்து, "எபிகிறாபியா செயிலனிக்கா" என்னுஞ் சாசனத் தொடரின் நான்காந் தொகுதியிலே பதிப்பித்தார். முதலாம் விசயபாகு மன்னனின் நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டிலே, அஃதாவது ஏறத்தாழ 1097 ஆம் ஆண்டிலே, பொறிக்கப்பட்டது அக்கல். நங்கைசாணி என்னும் பிராமணக் கைம்பெண் இறந்த தன் கணவனின் நினைவாகச் சிவன் கோயிலுக்கு அளித்த அறக்கொடையை அது கூறுகின்றது. கோயில் தென்கயிலாசம் எனவும் விசயராச ஈசுவரம் எனவும் பெயர்பெற்றிருந்தது. ஊரோ விசயராசச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிற்று. அறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இச்சிறு கல் உணர்த்தும் செய்தி பெரிது. விசயபாகு ஏறத்தாழ 1070 இல் சோழராட்சியை இந்நாட்டினின்றும் அகற்றிய பௌத்த மன்னன். சோழரை வென்றவன் சைவத்தையும் தமிழரையும் துடைத்தெறிந்திருப்பான் எனக் கருதுவோர் உளர். ஆயின், கந்தளாயிலே பிராமணர் குடியிருப்பு நிலைத்தது. ஊரும் கோயிலும் அம்மன்னனின் பெயரையே தாங்கின. இங்கே சிவன்கோயில் அறத்தைக் காத்த அதே வேளைக்காரர், பொலனறுவையிலே புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றனர் என்பதை ஆங்குள்ள மற்றொரு தமிழ்ச் சாசனம் கூறும். போரிலே எதிர்த்து நின்றோரின் நாட்டிலும் அறத்திலே கூடிவாழும் முறையொன்று இருந்தது என்பது இவற்றாற் பெறப்படும்.

சிங்களச் சாசனமும் இதற்கு அரண் செய்கின்றது. 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லனின் கல்லாசனம் ஒன்று கந்தளாயிற் கிடைத்துள்ளது. அதன் கண்ணுள்ள சிங்கள வாசகம் இவ்வூரைச் சதுர்வேத பிரமபுரம் என்கின்றது; பார்வதியின் பெயரால் அமைந்த அறச்சாலையையும் குறிப்பிடுகின்றது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரு மொழிகளிலே எழுந்த இரு கற்கள் ஒரே ஊரைப்பற்றி ஒத்த செய்தி கூறுதல் கருதத்தக்கது.

மக்கள் மரபோ கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் திருப்பணியாகப் போற்றும். பாளி நூலாகிய சூளவமிசம் அதனை ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணியாகக் கூறும். மரபு மரபாகவும் சாசனம் சாசனமாகவும் வைத்து எண்ணப்படல் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மயங்குவோன் இரண்டையும் இழப்பான். கல்லில் உள்ளதை உள்ளவாறு படித்தல் என்னும் இந்நெறியையே பரணவிதானவின் நடுவயதுப் பணிகள் கற்பித்தன. சிங்கள பௌத்த அறிஞராகிய அவர், தமிழ்ச் சைவ அறமொன்றைக் கூறும் கல்லை மறையாது வெளியிட்டமை அந்நெறியின் சிறப்பேயாம்.

எனினும், ஓய்வின் பின்னர் அவரே அந்நெறியினின்றும் விலகினார் என்பதையும் மறைத்தலாகாது. பேராதனையிலே தொல்லியல் ஆராய்ச்சிப் பேராசிரியராயிருந்த காலத்திலே, பழைய சாசனங்களின் வரிகளுக்கிடையே நுண்ணிய எழுத்துக்களால் வேறு நூல்கள் பொறிக்கப்பட்டுள்ளன என அவர் கூறத்தொடங்கினார். 1966 இல் வெளிவந்த "இலங்கையும் மலேசியாவும்" என்னும் பொருளுடைய ஆங்கில நூல் அத்தகைய வாசிப்புக்களிற் பெரிதும் தங்கியிருந்தது. அவ்வெழுத்துக்களைப் பிற அறிஞர் கற்களிலே காணமாட்டாதவராயினர். அடுத்த ஆண்டிலேயே பேராதனை வரலாற்றறிஞர் ஆர். ஏ. எல். எச். குணவர்தன அந்நூலை விரிவாக ஆராய்ந்து மறுத்தெழுதினார். 1965 இல் பரணவிதானவுக்குப் பாராட்டு மலர் வெளியிட்ட அறிஞருலகமே இம்மறுப்பையும் வழங்கியது. இஃது அவமதிப்பன்று. ஆசிரியன் கற்பித்த அளவுகோலால் ஆசிரியனையும் அளத்தலே கல்வி.

திருகோணமலை மாவட்டத்திலும் அவ்வளவுகோல் கைவிடப்படவில்லை. 1974 இல் செ. குணசிங்கம் சோழ இலங்கேசுவர தேவரின் இரு சாசனங்களை வெளியிட்டார். 1975 இல் அவர் பதிப்பித்த நிலாவெளிச் சாசனம், கோணமாமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டமையைப் புலப்படுத்திற்று. பரணவிதான 1972 இல் மறைந்தார். அவர் தொடங்கிய வாசிப்பு மறையவில்லை.

இன்று கந்தளாயிலே சிங்களவரும் முசிலிம்களும் தமிழரும் வாழ்கின்றனர். ஒவ்வொரு சாராரும் தமக்கு உகந்த கல்லை மட்டும் காட்டி மற்றதை மறைப்பரேல், நங்கைசாணியின் அறமும் நிசங்கமல்லனின் ஆசனமும் வழக்காடுவார் கைக்கருவிகளாய் முடியும். அப்பகுதிப் பாடசாலைகளிற் பயிலும் மாணவர் தம்மூர்ச் சாசனங்களைப் பாடநூலுக்கு முன்னரே அறிந்திருத்தல் நன்று. வயலிலும் காட்டிலும் எழுத்துடைய கல் தென்படின், அதனைப் பெயர்க்காமலும் உடைக்காமலும் உரியோர்க்கு அறிவித்தல் அவர்தம் முதற் கடனாம். ஓய்வுபெற்றுச் செல்லும் வரலாற்றாசான் எவருக்கும் அதனினும் மேலான மாலை இல்லை.